பழைய பிலிம் கேமரா பழுதும் பராமரிப்பும்: கொங்குப் பக்கம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி என்று நம் பக்கத்தில் பிலிம் கேமரா தூக்கிக்கொண்டு திரிகிறவர்கள் மறுபடியும் கூடிவிட்டார்கள். என்னிடம் கேமராவைக் கொண்டு வருகிறவர்கள் கேட்பதெல்லாம் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. சட்டைப்பையிலோ கைப்பையிலோ அடங்கும் 35 எம்.எம். கேமராக்களைப் பற்றி மட்டும்தான் இங்கே பேசுகிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாயில் வந்த மாதிரியே விட்டிருக்கிறேன்.

அப்பாரு பீரோவுல ஒரு கேமரா கெடந்துச்சுங்க. வருசக்கணக்கா யாரும் தொடல. இப்ப ஓடுமுங்களா?

எந்த வகைக் கேமரா என்று பார்த்தாலே பாதிப் பதில் கிடைத்துவிடும். பேட்டரியே வேண்டாத கேமராக்கள் உண்டு. 1967-இல் வந்த ஒலிம்பஸ் டிரிப் 35 அப்படிப்பட்டது. பிலிமைக் கட்டைவிரலால் சுற்ற வேண்டும், பேட்டரி பிளாஷுக்கு மட்டும் என்றால் அது இரண்டாம் வகை. நம் வீட்டு பீரோக்களில் அதிகம் கிடைக்கும் யாஷிகா எம்.எஃப்-2, கோடாக் கே.பி.10 எல்லாம் இந்த ரகம். மோட்டார் பிலிமைச் சுற்றி, லென்ஸ் தானே ஃபோகஸ் செய்யும் ஒலிம்பஸ் மியூ, கேனான் ஷ்யூர் ஷாட் போன்றவை மூன்றாம் வகை. பட்டனை அழுத்தினால் லென்ஸ் வெளியே நீண்டு வரும் ஜூம் கேமராக்கள் கடைசி.

நான் சொன்ன இதே வரிசையில்தான் பிழைக்கும் வாய்ப்பும் குறைந்துகொண்டே போகும். முதல் இரண்டு வகை என்றால் நம்பிக்கையோடு தூசு தட்டலாம். மூன்றாவது என்றால் பேட்டரி போட்டுப் பார்க்கும்வரை எதுவும் சொல்ல முடியாது. ஜூம் என்றால், ஓடினால் லாபம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

எதைச் செய்வதற்கு முன்னாலும், உள்ளே பிலிம் இருக்கிறதா என்று பாருங்கள். பின்மூடியில் சின்னக் கண்ணாடி ஜன்னல் இருந்தால் அதில் ரோலின் மஞ்சளோ பச்சையோ தெரியும். ஜன்னல் இல்லாத கேமராவில் ரீவைண்ட் கைப்பிடியை மெதுவாகத் திருப்புங்கள். இறுக்கம் தெரிந்தால் உள்ளே பிலிம் இருக்கிறது. உங்கள் அப்பாரு கடைசியாக எடுத்த படங்கள் அதில் இருக்கலாம், அவசரப்பட்டு மூடியைத் திறக்காதீர்கள்.

கட்டவிரல் சக்கரத்த சுத்தறேன், பட்டன அமுத்துனா ஒன்னுமே ஆகல. போச்சுங்களா?

பிலிம் போடாமல் சுற்றிப் பார்த்திருப்பீர்கள். இரண்டாம் வகைக் கேமராக்கள் பலவற்றில் ஷட்டரை (ஒரு கணம் திறந்து பிலிமுக்கு வெளிச்சம் விடும் மெல்லிய இதழ்கள்) தயார்ப்படுத்துவது பிலிமின் ஓட்டைகளில் மாட்டும் பல்சக்கரம்தான். பிலிம் நகர்ந்தால்தான் அது சுழலும். வெறும் கேமராவில் நீங்கள் நாள் முழுக்கச் சுற்றினாலும் ஷட்டர் தயாராகாது.

பின்மூடியைத் திறந்து, அந்தப் பல்சக்கரத்தை விரல் நுனியால் பிலிம் ஓடும் திசையில் உருட்டுங்கள். 'டக்'கென்று நிற்கும். இப்போது லென்ஸை வெளிச்சத்தைப் பார்த்து வைத்து, பின்னாலிருந்து பார்த்தபடி பட்டனை அழுத்துங்கள். ஒரு கணம் வெளிச்சப் பொட்டு தெரிந்தால் ஷட்டர் திறக்கிறது என்று அர்த்தம். பழைய சாமான் கடைக்காரரே 'ஓடாது' என்று ஒதுக்கி வைத்த கேமராக்களில் கணிசமானவை இந்த ரகம்தான். இது தெரிந்தவருக்குக் கோவை உக்கடத்தில் மலிவாக ஒரு கேமரா கிடைத்துவிடும்.

என்ன பேட்டரி போடறதுங்க? பொட்டிக்கடைல கேட்டா இல்லீங்கறாங்க.

பென்சில் செல் போடும் கேமரா என்றால் கவலையில்லை, எந்த ஊரிலும் கிடைக்கும். ஒலிம்பஸ் மியூ-2, யாஷிகா டி4, கான்டாக்ஸ் டி2 போன்றவை கேட்பது சி.ஆர்.123ஏ என்ற 3 வோல்ட் லித்தியம் பேட்டரி. பெட்டிக்கடையில் வராது. பெரிய கேமராக் கடையிலோ ஆன்லைனிலோ வாங்க வேண்டும். அதே உருவத்தில் ரீசார்ஜ் செய்யும் பேட்டரிகளும் விற்கிறார்கள். அவற்றில் சில 3.7 வோல்ட் ரகம், அதைப் பழைய கேமராவுக்குள் போட வேண்டாம். உள்ளே இருக்கும் சர்க்யூட் 3 வோல்ட்டுக்குச் செய்தது.

சிக்கல் 1960, 70-களில் வந்த சில மாடல்களில் இருக்கிறது. கோனிகா சி35, கேனானெட் மாதிரியானவை 1.35 வோல்ட் மெர்க்குரி பேட்டரிக்காகச் செய்யப்பட்டவை. பாதரசம் என்பதால் அந்தப் பேட்டரியின் உற்பத்தியே நின்றுவிட்டது. பதிலுக்கு 1.5 வோல்ட் எல்.ஆர்.44-ஐச் செருகினால் கேமரா ஓடும், ஆனால் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் அதைக் கூடுதலாகக் கணக்கிட்டுப் படத்தை இருட்டாக்கிவிடும். காது மெஷின் விற்கும் கடையில் 675 என்ற எண்ணுள்ள ஜிங்க்-ஏர் செல் கேளுங்கள். 1.4 வோல்ட், ஏறக்குறைய சரியாக வரும். ஸ்டிக்கரைக் கிழித்தபின் அது தானாகவே தீர்ந்துகொண்டிருக்கும் என்பதால் ரோல் போடும் அன்றைக்குத்தான் கிழிக்க வேண்டும்.

புது பேட்டரி போட்டும் அசையவே மாட்டேங்குது. செத்துப்போச்சா?

பேட்டரி அறையின் முனைகளைப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பொரிந்திருந்தால் பழைய பேட்டரி கசிந்திருக்கிறது. அல்கலைன் செல் கசிவது காரம். பஞ்சுக் குச்சியில் ஒரு சொட்டு வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்டுத் துடைத்தால் நுரைத்துக்கொண்டு கரையும். அப்புறம் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் முனையின் பூச்சு போய்ச் சீக்கிரம் துருப்பிடிக்கும். பென்சில் அழிக்கும் ரப்பரே போதும்.

முனை பளிச்சென்று ஆகியும் உயிர் வரவில்லை என்றால், கசிவு முனையிலிருந்து கிளம்பும் மெல்லிய ஒயரை உள்ளே அரித்திருக்கலாம். ஒயரை மாற்றிப் பற்றவைப்பது செல்போன் சர்வீஸ் செய்கிறவருக்குச் சின்ன வேலை. இன்னொன்று: சில ஆட்டோ கேமராக்கள் பின்மூடி முழுதாக மூடாவிட்டால் ஒன்றுமே செய்யாது. மூடியின் கொக்கி தேய்ந்திருக்கிறதா பாருங்கள். மூடியை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு பட்டனை அமுக்கினால் இது தெரிந்துவிடும்.

பின்மூடிய தொறந்தா தார் மாதிரி கறுப்பா ஒட்டுது. அது என்னங்க?

வெளிச்சம் உள்ளே புகாமல் இருக்கக் கதவு விளிம்பில் ஒட்டிய பாலியூரித்தேன் நுரை. காற்றில் இருக்கும் ஈரம் பட்டுப்பட்டுக் காலப்போக்கில் சிதைந்து இப்படி ஆகிவிடும். கேமராவைப் பத்திரமாக வைத்திருந்தாலும் ஆகும், உபயோகிக்காவிட்டாலும் ஆகும். எந்த நுரைக்கும் இந்தக் கதிதான் என்பதால் இதைப் பழுது என்றே நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

பல் குத்தும் குச்சியால் சுரண்டி, ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து எடுங்கள். துணுக்குகள் ஷட்டர் பக்கம் விழாமல் கேமராவைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு செய்யுங்கள். குறுகலான பள்ளத்துக்குக் கறுப்புக் கம்பளி நூல் போதும், கீல் பக்கத்துக்கு மட்டும் கறுப்பு நுரைத்தாளோ வெல்வெட் துணியோ வெட்டி ஒட்டுங்கள். திருப்பூர்க்காரர்கள் கட்டிங் டேபிளிலேயே துண்டு தேடிக்கொள்ளலாம். நுரையின் தடிமன் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் போனால் கதவு மூட மறுக்கும். நூலே பாதுகாப்பு என்பது என் அபிப்பிராயம், அது என்றைக்கும் பிசுபிசுக்காது.

படத்துல ஒரு ஓரமா ஆரஞ்சு கலர்ல கோடு விழுதுங்க. லேப்காரன் தப்பா?

பெரும்பாலும் லேப்காரர் தப்பு கிடையாது. மேலே சொன்ன நுரை போய்விட்ட கேமராவில் கதவு இடுக்கு வழியே வெளிச்சம் நுழைகிறது. கலர் பிலிமின் பின்பக்கத்திலிருந்து வெளிச்சம் வந்தால் சிவப்புக்கான அடுக்கில்தான் முதலில் படும், அதனால்தான் கறை சிவப்பாகவோ ஆரஞ்சாகவோ இருக்கிறது. கோடு எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் வந்தால் இதுவே காரணம்.

அடுத்த ரோலில் பாதி வரைக்கும் கதவு விளிம்பு முழுக்கக் கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றி எடுங்கள், மீதியை டேப் இல்லாமல் எடுங்கள். முதல் பாதி சுத்தமாக வந்தால் நூலை வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

லென்ஸ்ல வலப்பின்னல் மாதிரி பூசணம் பூத்திருக்கு. தொடைச்சா போகுமா?

வெளிக்கண்ணாடியில் என்றால் போகும். உட்பக்கம் என்றால் லென்ஸைப் பிரிக்காமல் முடியாது. சின்ன கேமராக்களில் பிரித்துத் திரும்ப மாட்டும்போது ஃபோகஸ் தவறிவிடும் ஆபத்து அதிகம். ஓரத்தில் நாலு இழை என்றால் படத்தில் எந்த வித்தியாசமும் தெரியாது, அப்படியே எடுங்கள். கண்ணாடி முழுக்கப் புகைபோல் மூடியிருந்தால் எதிர்வெயிலில் படம் வெளுத்துப் போகும்.

ஊரைப் பொறுத்தும் இது மாறும். கரூர், தாராபுரம் பக்கத்து வறண்ட காற்றில் இருந்த கேமராக்களில் பூசணம் அபூர்வம். வால்பாறை எஸ்டேட்டிலோ ஊட்டியிலோ இருந்தது என்றால் வாங்குவதற்கு முன் லென்ஸுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். காற்றில் ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேலேயே தொடர்ந்து இருந்தால் பூசணம் வளரும். தோல் உறை ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் என்பதால் கேமராவை உறையோடு பூட்டி வைக்காதீர்கள். காற்றுப் புகாத டப்பா, அதில் ஒரு பை சிலிக்கா ஜெல், அவ்வளவு போதும். பீரோவில் போடும் அந்துருண்டைக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம், அந்த ஆவி சிலவகைப் பிளாஸ்டிக்குக்கு ஆகாது.

கார்ல வெச்சிருந்தேன். சித்திரை வெயில்ல ஏதாவது ஆயிருக்குமுங்களா?

ஆகும். ஈரோடு, கரூர்ப் பக்கம் வெளியே 40 டிகிரி தாண்டும் நாளில் மூடிய காருக்குள் இன்னும் எவ்வளவோ ஏறும். பழைய கிரீஸ் இளகி ஷட்டர் இதழ்களுக்குள் இறங்கும். ஆறினதும் இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மெதுவாகத் திறக்கும், இல்லை திறக்கவே திறக்காது. சில நாள் கழித்துப் படமெல்லாம் வெளுத்து வரும்போதுதான் தெரிய வரும். ஒட்டிய இதழைச் சுத்தம் செய்வது தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை. ஸ்ப்ரே எண்ணெய் எதையும் அடிக்காதீர்கள், எண்ணெயால் வந்த வியாதி அது.

பனியன் கம்பெனில இருக்கேன் அண்ணா. கேமராக்குள்ள பஞ்சு போயிருச்சு. ஏர் கன்ல ஒரு அடி அடிச்சா போயிராதா?

தயவுசெய்து வேண்டாம் தம்பி. கம்ப்ரசர் காற்றில் எண்ணெயும் தண்ணீரும் கலந்து வரும், அதன் வேகத்தில் ஷட்டர் இதழ் வளைந்தே போகும். காது சுத்தம் செய்யும் ரப்பர் பல்பு மாதிரி கையால் அமுக்கும் ஊதுகுழல் வாங்கிக்கொள்ளுங்கள். பின்மூடியில் பிலிமை அழுத்திப் பிடிக்கும் தட்டை மென்மையான பிரஷ்ஷால் துடையுங்கள். பஞ்சு இழை பிலிம் ஓடும் ஜன்னலில் தொங்கினால் எல்லாப் படத்தின் விளிம்பிலும் கறுப்பு முடி மாதிரி விழும்.

மில், பனியன் கம்பெனி, பொள்ளாச்சிக் கயிற்று ஆலை, ஈரோட்டு மஞ்சள் மண்டி, எங்கே வேலை செய்தாலும் ரோல் மாற்றுவதை மட்டும் வெளியே வந்து செய்யுங்கள். கயிற்று ஆலைத் தூசு பஞ்சைவிட மோசம். பிலிமில் கீறல் போடும்.

பிளாஷ் லைட் எரியவே மாட்டேங்குது, விசில் சத்தம் மட்டும் வருது.

விசில் வருகிறது என்றால் பாதி உயிர் இருக்கிறது. நெடுநாள் சும்மா கிடந்த கப்பாசிட்டர் மின்சாரத்தைப் பிடித்து வைக்கும் திறனை இழந்திருக்கும். புதுப் பேட்டரி போட்டு, பிளாஷை ஆன் செய்து, ரெடி விளக்கு எரியும்வரை விடுங்கள். முதல் தடவை நிமிடக்கணக்கில் ஆகலாம். எரிந்ததும் அடியுங்கள், மறுபடி ஏற விடுங்கள். சில சுற்றுகளில் நேரம் குறைந்துகொண்டே வந்தால் அது தேறிவிடும். ரெடி விளக்கு எரிந்தும் பிளாஷ் அடிக்கவில்லை என்றால் கோளாறு பிளாஷ் குழாயிலோ அதைத் தூண்டும் சர்க்யூட்டிலோ இருக்கிறது.

யூடியூப்ல பாத்தா ஈஸியாத்தான் இருக்குது. நானே கழட்டிப் பாக்கட்டுங்களா?

பிளாஷ் உள்ள கேமரா என்றால் என் பதில் 'இப்போதைக்கு வேண்டாம்'. அந்தக் கப்பாசிட்டரில் 300 வோல்ட் வரைக்கும் நிற்கும். பேட்டரியைக் கழற்றி வெகுநேரம் ஆன பின்னும் நிற்கும். பென்சில் செல் போட்ட பொம்மை மாதிரி இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். விரலில் பட்டால் கை உதறி கேமரா சுவரில் போய் விழும், இதயக் கோளாறு உள்ளவர்களுக்கு அதைவிட மோசமாகவும் ஆகலாம். ஸ்க்ரூ டிரைவரை வைத்து ஷார்ட் செய்வதும் தப்பு. பொறி பறந்து சர்க்யூட் போர்டையே சுடும். தெரிந்தவர்கள் ரெசிஸ்டர் வழியாக மெதுவாக இறக்கி, மல்டிமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கை வைப்பார்கள்.

அடுத்தது திருகாணி. ஜப்பான் கேமராக்களில் இருப்பது ஜே.ஐ.எஸ். என்ற அளவுமுறை. பார்வைக்கு நம்மூர் ஸ்டார் ஸ்க்ரூ மாதிரியே இருக்கும். சாதாரண டிரைவர் வைத்துத் திருகினால் தலை மழுங்கி, அதோடு அந்தக் கேமரா யாராலும் திறக்க முடியாததாக ஆகிவிடும். அப்புறம் பிளாட் கேபிள், உள்ளே பாகங்களை இணைக்கும் பட்டையான மெல்லிய ஒயர். மூடியை ஆர்வத்தில் இழுக்கும்போது கிழிவது அதுதான், அது கிழிந்தால் ஒட்ட வழியில்லை.

அப்படியும் ஆசை விடவில்லை என்றால், ஏற்கெனவே செத்த கேமரா ஒன்றைப் பழைய சாமான் கடையில் வாங்கி அதில் கையைப் பழக்குங்கள். பிளாஷ் இல்லாத டிரிப் 35 பழகுவதற்கு நல்ல கேமரா.

ஜூம் லென்ஸ் பாதில நின்னு போச்சு. உள்ளயும் போகல, வெளியயும் வரல.

கீழே விழுந்ததா, மணல் புகுந்ததா? அப்படி என்றால் உள்ளே பிளாஸ்டிக் பல்சக்கரம் ஒன்றின் பல் போயிருக்கும், இல்லையென்றால் ஒவ்வொரு தடவை லென்ஸ் நீளும்போதும் மடங்கி மடங்கி பிளாட் கேபிள் விட்டுப் போயிருக்கும். கையால் அழுத்தி உள்ளே தள்ளாதீர்கள். புதுப் பேட்டரி ஒன்று மட்டும் போட்டுப் பாருங்கள், பேட்டரி இறங்கியதாலும் நடுவில் நிற்பதுண்டு. அதற்கும் அசையவில்லை என்றால் விட்டுவிடலாம். ஜூமுக்குக் காசு செலவழிக்கச் சொல்ல எனக்கு மனசு வருவதில்லை.

கோயமுத்தூருல மோட்டார் பம்பே செய்யறோம். ஒரு சின்னப் பல்சக்கரம் லேத்துல பண்ண முடியாதுங்களா?

நியாயமான கேள்வி. சிலது முடியும். தொலைந்துபோன பேட்டரி மூடியை மரையோடு பித்தளையில் கடைந்து தரும் பட்டறை கணபதியிலோ பீளமேட்டிலோ தேடினால் கிடைக்கும். மெர்க்குரி பேட்டரி இருந்த இடத்தில் 675 செல்லைப் பொருத்த ஒரு வளையம் வேண்டும், அதுவும் லேத் வேலைதான். பட்டறைக்காரர் ஒன்றே ஒன்று கடைய முகம் சுளிப்பார். நாலு பேர் சேர்ந்து கேளுங்கள்.

முடியாததும் உண்டு. பிலிம் சுற்றும் பல்சக்கரங்கள் மோல்டு போட்டு ஊற்றிய பிளாஸ்டிக். பல் அவ்வளவு பொடிசு, லேத்தில் வராது. ரெசின் 3டி பிரிண்டில் முயற்சி செய்யலாம், ஆனால் அளவெடுக்க உடையாத ஒரு மாதிரி கையில் இருக்க வேண்டும். போர்டில் இருக்கும் ஐ.சி. அந்த மாடலுக்கென்றே கம்பெனி செய்து வாங்கியது, இன்று எந்தக் கடையிலும் இல்லை. அது போனால் அதே மாடலில் இன்னொரு கேமராவிலிருந்து எடுத்துப் போடுவது ஒன்றே வழி.

கம்பெனி சர்வீஸ் சென்டர்ல குடுத்தா பண்ண மாட்டாங்களா?

பல பிராண்டுகளுக்குக் கம்பெனியே இல்லை. யாஷிகா, கான்டாக்ஸ் கேமராக்களைச் செய்த கியோசெரா 2005-இல் கேமராத் தொழிலை விட்டது. கோனிகா மினோல்டா 2006-இல் விலகியது. ஒலிம்பஸின் கேமராப் பிரிவே 2021-இல் கைமாறிவிட்டது. இருக்கிற கம்பெனிகளும் இந்த வயதுள்ள கேமராவுக்கு உதிரிபாகம் வைத்திருப்பதில்லை.

ஆகவே தனி மெக்கானிக்தான். கல்யாண ஸ்டுடியோக்களின் பெரிய எஸ்.எல்.ஆர். கேமராக்களைப் பார்த்துப் பார்த்துக் கை பழகிய மூத்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். ஊரில் பழைய ஸ்டுடியோ வைத்திருக்கும் அண்ணனிடம் விசாரியுங்கள், அவருக்குத் தெரியும். ஷட்டர் சுத்தம், நுரை, ஒயர், லென்ஸ் துடைப்பு எல்லாம் அவர்கள் செய்வார்கள். போர்டு கோளாறு என்றால் பெரும்பாலும் திருப்பித் தந்துவிடுவார்கள், அது அவர்கள் நேர்மை. கொடுக்கும்போது 'பிரித்துப் பார்க்க எவ்வளவு, சரியாகாவிட்டால் எவ்வளவு' என்று இரண்டையும் கேட்டுவிடுங்கள்.

மீட்டர் சரியா காட்டுதான்னு எப்புடி கண்டுபுடிக்கறது?

டிரிப் 35-இல் சுலபம். வளையத்தை 'ஏ'-வில் வைத்து, லென்ஸைச் சுற்றியுள்ள கண்ணாடிக் குமிழ்களை உள்ளங்கையால் முழுக்க மூடிப் பட்டனை அழுத்துங்கள். வியூஃபைண்டரில் சிவப்புக் கொடி எழும்பி ஷட்டர் பூட்டிக்கொள்ள வேண்டும். வெயிலைப் பார்த்து அழுத்தினால் கொடி வராமல் 'கிளிக்' ஆக வேண்டும். இரண்டும் நடந்தால், குமிழ்களுக்குப் பின்னால் வெளிச்சத்தை அளக்கும் செலினியம் செல் உயிரோடு இருக்கிறது.

மற்ற ஆட்டோ கேமராக்களில் உள்ளே எட்டிப் பார்க்க வழியில்லை. ஒரு ரோல் எடுத்துப் பார்ப்பதுதான் சோதனை. கலர் நெகட்டிவ் பிலிம் கொஞ்சம் வெளிச்சம் கூடினாலும் தாங்கும், குறைந்தால் தாங்காது. சந்தேகம் இருந்தால் 200 வேக ரோலைக் கேமராவில் 100 என்று வைத்து எடுங்கள். அப்படி மாற்ற முடியாத கேமராக்கள் பல உண்டு, ரோல் டப்பாவில் இருக்கும் வெள்ளி-கறுப்புக் கட்டங்களைப் படித்து வேகத்தைத் தாமே வைத்துக்கொள்ளும். கோடாக் 1983-இல் கொண்டுவந்த டி.எக்ஸ். குறியீடு அது. கட்டங்கள் இல்லாத டப்பாவில் கையால் நிரப்பிய ரோலைப் போட்டால் பெரும்பாலான கேமராக்கள் 100 என்று எடுத்துக்கொள்ளும்.

தேதி 2019-க்கு மேல போகவே மாட்டேங்குது. ரிப்பேருங்களா?

இல்லை. படத்தில் தேதி அச்சடிக்கும் அந்தக் காலத்துப் பின்மூடிகள் பலவற்றின் காலண்டர் அதோடு முடிகிறது. தேதியை அணைத்துவிடுங்கள். படம் எடுப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கேமராவோட ஒரு ஊட்டி 'இந்து' பிலிம் ரோலும் கெடச்சுதுங்க. அதையே போட்டு டெஸ்ட் பண்ணட்டுமா?

வேண்டாம். ஊட்டியில் 1960-இல் தொடங்கி 1967-இலிருந்து பிலிம் செய்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் ரோல் அது. ஆலை மூடி வருடங்கள் ஆகின்றன. அந்த ரோலில் படம் வராமல் போனால் கேமரா கெட்டதா, பிலிம் கெட்டதா என்று தெரியாது. கேமராவைச் சோதிக்கப் புது ரோல்தான் சரி. 'இந்து' ரோலை நல்ல கேமராவில், போனால் போகிறது என்று ஒருநாள் போட்டுப் பாருங்கள். அப்போது பத்து வருடத்துக்கு ஒரு ஸ்டாப் வீதம், அதாவது ஒவ்வொரு பத்து வருடத்துக்கும் இரண்டு மடங்காக, வெளிச்சத்தைக் கூட்டுவது வழக்கம்.

ரோல் நடுவுலயே மோட்டார் நின்னுருச்சு. தொறந்தா எல்லாம் போயிருமே?

புதுப் பேட்டரி போடுங்கள், பாதிக் கேஸ் அங்கேயே முடியும். அப்புறமும் நின்றால் அடியிலோ பக்கவாட்டிலோ ஊசி நுழையும் அளவுக்கு ஒரு சின்னப் பட்டன் இருக்கும், நடுவிலேயே ரீவைண்ட் செய்ய. அதுவும் ஓடவில்லை என்றால் ராத்திரியில் விளக்கெல்லாம் அணைத்த அறையில், ஜமுக்காளத்தை இரண்டாக மடித்துப் போர்த்தி, அதற்குள் கைவிட்டுத் திறந்து, டப்பாவின் முனையைக் கையால் திருகிப் பிலிமை உள்ளே சுற்றிவிடலாம். செல்போனை வேறு அறையில் வைத்துவிட்டு வாருங்கள்.

இதில் ஒரு விசேஷம் உண்டு. ஃபியூஜியின் பல மாடல்களும் கேனானில் சிலவும் ரோல் போட்டவுடன் முழுப் பிலிமையும் வெளியே இழுத்துவிட்டு, எடுக்க எடுக்க டப்பாவுக்குள் திருப்பி அனுப்பும். எண்ணிக்கை 36-இலிருந்து இறங்கி வந்தால் உங்களுடையது அந்த ரகம். தவறித் திறந்தாலும் எடுத்த படங்கள் டப்பாவுக்குள் பத்திரம், எடுக்காத பகுதிதான் போகும்.

எதத்தான் வாங்கறதுங்க? மியூ-2 வெலய கேட்டா தலை சுத்துது.

மியூ-2 நல்ல கேமரா, அதன் எஃப் 2.8 லென்ஸ் அருமை. ஆனால் 1997-இல் வந்த ஒரு பிளாஸ்டிக் கேமராவுக்கு, போனால் திரும்பாத போர்டுக்கு, அந்த விலை கொடுக்கச் சொல்ல மாட்டேன். ரிகோ ஜி.ஆர்.1 இன்னும் மோசம், மேலே இருக்கும் எல்.சி.டி. மங்கிப்போவது அதன் தெரிந்த வியாதி. பெயர் பெற்ற கேமராவை வாங்குகிறவர் பெரும்பாலும் பெயருக்குத்தான் காசு கொடுக்கிறார். பென்சில் செல் போடும், ஜூம் இல்லாத எதுவாக இருந்தாலும் நல்லது. 1983-இல் வந்த நிக்கான் எல்35ஏ.எஃப். மாதிரி. அதுவும் வேண்டாமென்றால் வீட்டு எம்.எஃப்-2-வே போதும், வெயிலில் நன்றாகவே எடுக்கும். வாரண்டியோடு புதிதாக வேண்டும் என்கிறவர்களுக்குப் பென்டாக்ஸ் 17 இருக்கிறது, 2024-இல் வந்தது. கையால் சுற்றும் கேமரா, ஒரு ஃப்ரேமைப் பாதியாக்கி இரண்டு படம் எடுக்கும்.

விற்கிறவர் 'டெஸ்டட்' என்று போட்டிருந்தால் எதைச் சோதித்தார் என்று கேளுங்கள். பிளாஷ் அடித்தது, மோட்டார் ஓடியது என்பதோடு நிறுத்திவிடுவார்கள். அந்தக் கேமராவில் எடுத்த ரோலின் படங்களைக் காட்டச் சொல்லுங்கள். அது இல்லையென்றால் ஓடாத கேமராவின் விலைக்குக் கேளுங்கள்.

ரோல கழுவுனா பாதிப் படந்தான் வந்திருக்கு. கேமராவா, பிலிமா, லேப்பா, யார கேக்கறது?

நெகட்டிவைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடியுங்கள், அதுவே சொல்லிவிடும். ஓட்டைகளின் ஓரத்தில் பிலிம் கம்பெனி அச்சடித்த எண்களும் எழுத்துகளும் தெளிவாக இருந்தால் கழுவியது சரி. எண்கள் இருந்து படங்களே இல்லை என்றால் பிலிம் மாட்டாமல் நழுவியிருக்கும், இல்லை ஷட்டர் திறக்கவே இல்லை. எண்களும் இல்லாமல் வெறும் தாளாக இருந்தால் லேப்பில் போய்க் கேட்கலாம். படங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தால் சுற்றும் பல்சக்கரம் வழுக்குகிறது. இடைவெளி போகப் போகக் கூடிக்கொண்டே போனாலும் அதுதான். ஒன்று விட்டு ஒன்று காலியாக இருந்தால் ஷட்டர் இதழ் அவ்வப்போது ஒட்டுகிறது, காரில் வெயிலில் வைத்த கேமராவுக்குச் சொன்னது இதற்கும் பொருந்தும். நெகட்டிவில் படங்கள் எல்லாம் கன்னங்கரேலென்று இருந்தாலும் ஷட்டரைத்தான் பார்க்க வேண்டும், மூட நேரம் எடுக்கிறது.

இதற்கெல்லாம் நெகட்டிவ் கையில் வேண்டும். ஸ்கேனை மட்டும் போனுக்கு அனுப்பிவிட்டு நெகட்டிவைக் குப்பையில் போடும் லேப்களும் உண்டு. கொடுக்கும்போதே 'வெட்டாமல் நெகட்டிவைத் திருப்பித் தாருங்கள்' என்று கவரின்மேல் எழுதிக் கொடுங்கள். கூரியரில் அனுப்புவதானால் திருப்பி அனுப்பும் செலவையும் சேர்த்தே கட்டிவிடுங்கள்.